ஜான் அணிக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

என் வீட்டுக்காரர் ஆல்வினைப் பற்றி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரைக் கேட்டாலும் நல்ல மாதிரியாகத்தான் சொல்வார்கள். ஆதாரில் பேர் மாற்றணுமா, பட்டா நகல் எடுக்கணுமா, பரீட்சைக்கு ஆன்லைனில் அப்ளிகேஷன் போடணுமா, முகம் சுளிக்காமல் செய்துகொடுக்கிற ஜெராக்ஸ் கடைக்காரர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பெஞ்சு. இப்படிப்பட்ட மனுஷனைக் கட்டிக்கொண்டு இந்த ஷீபாவுக்கு என்ன குறை என்று கேட்பார்கள். கேட்கட்டும். குடிகாரனைக் கட்டியவளாவது அவன் தெளிந்த பிறகு நாலு வார்த்தை திட்டலாம். என் ஆளுக்குப் பிடித்தது பேஸ்பால் பைத்தியம். அது தெளியவே தெளியாது.

பேஸ்பால் என்றதும் மைதானத்தில் இறங்கி ஆடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பால் பாக்கெட் வாங்க நடப்பதற்கே அவருக்கு மூச்சு வாங்கும். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு ஆபீசில் வேலை பார்த்தார். அமெரிக்காக்காரன் ஆடிய ஆட்டத்தை வீடியோவில் பார்த்து, ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது, எவ்வளவு வேகம் என்று கம்ப்யூட்டரில் குறிக்கிற வேலை. அந்த ஆபீசை மூடினார்கள். வேலை போனது, பைத்தியம் மட்டும் அவரோடு பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டது.

இங்கே வந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் சேர்ந்தார். அதில் கைகால் அசைக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஓர் அணி. முதலாளி மாதிரி உட்கார்ந்து ஆள் எடுக்கலாம், ஆள் மாற்றலாம். ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும், காலையில் எழுந்தால் ரிசல்ட் வந்திருக்கும். ஆடுகிற பையன்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் செய்த பொம்மைகள். முதலாளிகள் மட்டும் நிஜ ஆட்கள், முக்கால்வாசி வெள்ளைக்காரர்கள். வருஷா வருஷம் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் புதிதாக வருவார்கள். ஒவ்வொருத்தன் பேருக்கு நேராகவும் இரண்டு வரிசை நட்சத்திரம் இருக்கும். முதல் வரிசை, இன்றைக்கு இவன் எப்படி. அடுத்த வரிசை, வளர்ந்தால் எப்படி வருவான். இந்த இரண்டாவது வரிசை இருக்கிறதே, அது நிச்சயம் இல்லை. ஸ்கவுட் என்று ஒருத்தன் பார்த்துச் சொல்கிற மதிப்பு. தப்பாகவும் சொல்வான், அடுத்த வருஷம் மாற்றியும் சொல்வான்.

அங்கேதான் எங்கள் ஆள் கெட்டிக்காரர். ஸ்கவுட் ஐந்து நட்சத்திரம் போட்ட பையனை "இது வெறும் புஸ்வாணம்" என்பார், அவன் புஸ்ஸென்று போவான். ஒன்றரை நட்சத்திரத்தை வாங்கிப் போடுவார், அவன் மளமளவென்று வளர்வான். வெள்ளைக்காரர்கள் எல்லாம், "ஆல்வின், இந்தப் பையன் தேறுவானா?" என்று கேட்டு எழுதுவார்கள். அதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டுவார். காட்டும்போது முகத்தைப் பார்க்கணுமே! கலெக்டர் ஆகிவிட்ட மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் அந்தத் திமிர் கம்ப்யூட்டரை விட்டு இறங்கி வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்தது. என் தங்கச்சி ஏஞ்சலின் மகளைப் பார்த்து, "இது படிப்புல இவ்ளோதான், மேல வராது" என்றார். அது பொசுக்கென்று அழுதுவிட்டது. ஏஞ்சல் ஒரு மாசம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எனக்கு எத்தனை நட்சத்திரம் போட்டாரோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

இத்தனை கெட்டிக்காரத்தனம் இருந்தும் கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. வருஷா வருஷம் கிட்டே போய்க் கோட்டை விட்டுவிட்டு வருவார். அந்த ஏக்கம் அவருக்கு ரொம்ப இருந்தது.

அவருடைய அக்கா பாக்கியமேரி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவள், அடுத்த தெருவில் இருக்கிறாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த் தம்பியைப் படிக்க வைத்தவள். புருஷன் இல்லை. ஒரே மகன் ஜான், இருபது வயது. டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் அவன் பந்து போடுகிற வேகத்துக்கு பெருநகர், வாலாஜாபாத் என்று எங்கே டோர்னமெண்ட் நடந்தாலும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். போன வருஷம் திருப்புலிவனம் திருப்பத்தில் ரோட்டில் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கி விழுந்தான். வலது தோள்பட்டை நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். கை பழையபடி தூக்க வருமா, வராதா என்பது அவன் செய்கிற பயிற்சியில்தான் இருக்கிறது, செய்யாமல் விட்டால் தோள் அப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

பயிற்சி என்றால் பெரிய வித்தை இல்லை. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் மேலே ஏறணும். ஆனால் உயிர் போகிற வலி. பையன் இரண்டு நாள் செய்தான், அப்புறம் படுத்துவிட்டான். சாப்பாடு கொண்டுபோனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எம் புள்ள இப்டியே பூடுவானா ஷீபா? கண்ணால பாக்க முடில."

அப்போது என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். இதைச் சொல்லித்தான் ஆகணும், நல்லது செய்ததையும் சொல்லணும் இல்லையா. அந்த விளையாட்டில் புதிதாக வருகிற பையன்களில் ஒருத்தனுக்கு ஒவ்வொரு முதலாளியும் தனக்குப் பிடித்த பேர் வைத்துக்கொள்ளலாம். பந்து வீசுகிற ஒரு பையன், தோளில் அடிபட்டவன், யாரும் சீந்தாமல் கிடந்தான். அவனுக்கு ஜான் என்று பேர் வைத்துத் தன் அணிக்கு எடுத்தார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் மருமகன் படுக்கையில் வைத்தார்.

"டேய் ஜானு, தோ பாரு, உன் பேர்ல ஒருத்தன் கீறான். அவனுக்கும் தோளுதான் பூட்ச்சி. நீயும் எக்ஸர்சைஸ் பண்ணு, அவனும் பண்ணட்டும். யார் மொதல்ல பந்து போடறீங்கன்னு பாக்கலாம்."

"போ மாமா, காமெடி பண்ணிக்கினு."

அப்படிச் சொன்னானே தவிர, மறுநாள் சாயங்காலம் அவனே நடந்து கடைக்கு வந்துவிட்டான். "நான் இன்னா மாமா பண்ணிக்கினு கீறேன்?" என்று அந்தப் பொம்மை ஜானைப் பற்றிக் கேட்டான். அன்றிலிருந்து தினமும் வருவான். பொம்மை ஜான் மருந்து முடித்தான், ஓடினான், கீழ்மட்ட அணியில் முதல் பந்து போட்டான். நிஜ ஜான் வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் ஏறினான். விரல் இடுப்பைத் தாண்டியது, நெஞ்சுக்கு வந்தது. ஒரு நாள் தோள் உயரம் வந்துவிட்டது என்று அண்ணி தெருவில் ஓடிவந்து சொன்னாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றைக்கு என் புருஷனை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இப்போது அதை நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இந்த வருஷம் அவர் அணி நன்றாக ஆடியது. கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பந்தை அடித்து விளாசுகிற நல்ல பேட்டர் ஒருத்தன் மட்டும் குறை. அமெரிக்காவில் ஓஹையோ பக்கம் ஒரு ரிட்டையர்டு பெரியவர், அவரிடம் அப்படி ஒருத்தன் இருந்தான். அதே நேரம் பார்த்து ஸ்கவுட்டின் புது ரிப்போர்ட் வந்தது. பொம்மை ஜானின் இரண்டாவது வரிசை நட்சத்திரம் சரிந்து ஒன்றாகிவிட்டது. எங்கள் ஆளும் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பேட்டருக்குப் பதிலாக ஓஹையோக்காரர் ஒரு நல்ல பையனைக் கேட்டார், இவர் கொடுத்தார். "கூட இன்னொருத்தனையும் சேர்த்துக் கொடு, யாராக இருந்தாலும் சரி" என்றார் அவர். இவர் ஜானைக் கொடுத்துவிட்டார்.

காய்கறிக் கடையில் கொத்துமல்லி கொசுறு போடுகிற மாதிரி போட்டுவிட்டார்.

விடியற்காலையில், செய்யாறு பக்கம் ஷூ கம்பெனிக்குப் போக நான் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது இதைச் சொன்னார். பின்னலைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினேன்.

"ஜானு கையில சொல்லிட்டீங்களா?"

"அப்பால சொல்லிக்கலாம். அவன் தேற மாட்டான் ஷீபா. தோள் போனவன் திரும்பி வரது கஷ்டம். நான் பாத்துட்டேன்."

"யோவ், எந்த ஜானைச் சொல்ற நீ?"

அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்கணும். "அய்யே, பொம்மைய சொல்றேன்" என்று லேப்டாப்பை மூடினார். கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. "நல்லா இல்லங்க இது, நல்லாவே இல்ல" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அவர் சொல்லவில்லை. அதோடு விட்டாரா? சாயங்காலம் பையன் வந்து "நான் இன்னா பண்ணேன் மாமா?" என்று கேட்டால், வாய் கூசாமல் கதை அளந்தார். இன்னிக்கு நாலு பேரை அவுட் எடுத்தே, கோச் தட்டிக்கொடுத்தான், அடுத்த வாரம் மேல் அணிக்கு வந்தாலும் வருவே. காட்டு மாமா என்றால் நெட் இல்லை, சர்வர் வேலை செய்யவில்லை. கம்பெனி முடிந்து வந்து கடைக்குள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எழுந்து போய் அவர் வாயில் ஒன்று போடலாமா என்று இருக்கும். ஆனால் பையன் அந்தப் பொய்யைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் சுவரில் இன்னும் ஒரு விரல் மேலே ஏறுவான். என்ன செய்வது, நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கோப்பை ஜெயித்துவிட்டார். வாங்கிய பேட்டர்தான் கடைசி ஆட்டத்தில் விளாசினான். தெருவெல்லாம் சொன்னார், கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். அண்ணிக்கு இந்த விளையாட்டின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஜான் இருக்கிற டீம் ஜெயித்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், காணிக்கை எடுத்து முடிந்ததும் பாஸ்டர் ஐயா கையில் ஒரு கவரை வைத்துக்கொண்டு கண்ணாடியைச் சரிசெய்தார். ஊரில் யாருக்கு நல்லது நடந்தாலும், பிள்ளை பிறந்தாலும், வேலை கிடைத்தாலும், காரணத்தைக் கவர்மேல் எழுதிக் காணிக்கை வைப்பது வழக்கம். ஐயா அதைச் சபைக்குச் சத்தமாகப் படிப்பார்.

"சகோதரி பாக்கியமேரி அம்மாள், தமது குமாரன் ஜான் இடம்பெற்ற அணி கோப்பை வென்றதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள். குடும்பமாக எழுந்து நில்லுங்கள், ஜெபிப்போம்."

அண்ணி எழுந்தாள். ஜான் எழுந்தான். முதல் பெஞ்சில் எங்கள் ஆளும் எழுந்தார், குடும்பம் இல்லையா. நானும் எழுந்தேன். பின்னால் ஒரு பெண் கை தட்ட, நாலைந்து பேர் சேர்ந்து தட்டினார்கள். ஐயா கண்ணை மூடி, இந்த மகனின் கரத்தைப் பலப்படுத்தும் ஆண்டவரே என்று உருக்கமாக ஜெபித்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. ஜானும் மூடவில்லை. மாமனையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நின்ற இடத்திலேயே பூமி வாய் பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தவர்தான், ஜெபம் முடிந்தும் நிமிரவில்லை.

வெளியே செருப்பு போடுகிற இடத்தில் ஜான் செல்போனை நீட்டினான். அன்றைக்குக் காலையில் அவனே தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். லீக்கின் பக்கம், யார் யாரை யாருக்குக் கொடுத்தார்கள் என்கிற வரிசை.

"பிளஸ் போட்டு எம் பேரு கீது மாமா. நான் கொசுறா?"

"டேய், அது இல்லடா…"

"அப்ப இத்தினி நாளா சொன்னதெல்லாம்?"

அதற்குள் அண்ணி வந்துவிட்டாள். புதுப்புடவை, முகமெல்லாம் சிரிப்பு. "கோழி அடிச்சி கொழம்பு வெச்சிக்கீறேன், எல்லாரும் வூட்டுக்கு வந்துதான் சாப்டணும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஜான் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடது கையால் சாப்பிட்டான். அண்ணி தம்பி இலையில் ஈரலும் காலுமாகத் தேடித் தேடிப் போட்டாள்.

"சாப்டு தம்பி. உன்னாலதான் எம் புள்ள எய்ந்து உக்காந்தான். நீ நல்லா இருக்கணும்."

அவர் தண்ணீர் குடித்துக் குடித்தே இலையை மூடினார். வீட்டுக்கு வந்ததும் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை மனுஷன். திருப்பிச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த வாரமே அண்ணி வந்தாள். "இன்னா ஆச்சின்னே தெர்ல ஷீபா. செவுத்துப் பக்கமே போ மாட்டேங்கறான். கையக் கட்டிக்கினு படுத்துனு கீறான். டாக்டர் சொன்னத நெனச்சா எனுக்குப் பேஜாரா கீது" என்றாள். இவர் உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் போனதும் லேப்டாப்பைத் திறந்து ஓஹையோக்காரருக்கு எழுத உட்கார்ந்தார். ஜானைத் திருப்பிக் கொடுங்கள்.

அந்தப் பெரியவர் என்ன பதில் எழுதினார் தெரியுமா? "நீங்கள் வேண்டாம் என்றவன்தான், ஆனால் என்னிடம் வந்ததிலிருந்து வாரா வாரம் பந்து போடுகிறான், நன்றாகத் தேறிவிட்டான். உங்கள் கண் தப்பாகாதே ஆல்வின், இவனை எப்படி விட்டீர்கள்?" அந்த ஆள் குத்திக்காட்டி எழுதவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டிருக்கிறார். திருப்பித் தருவதென்றால் கோப்பை வாங்கித் தந்த பேட்டரும் வேண்டும், இருக்கிற பையன்களில் முதல் இரண்டு பேரும் வேண்டும் என்றார். இவர் யோசிக்கவே இல்லை, சரி என்று எழுதிவிட்டார். அந்தப் பக்கம் அவர் ஒரு பட்டனை அமுக்கினால் முடிந்தது. அடுத்த வருஷம் இவர் அணி கடைசி இடம்தான், வெள்ளைக்காரர்கள் எல்லாம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்றார்.

என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். தனியாகப் போக அவருக்குத் தைரியம் இல்லை. அண்ணி களையெடுக்கப் போயிருந்தாள். ஜான் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"ஜானு, அவனைத் திருப்பி வாங்கிட்டேன்டா. எல்லாத்தியும் குடுத்துட்டு வாங்கறேன். நாளைக்கு நம்ம டீமுக்கு வந்துடுவான்."

ஜான் திரும்பினான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன், அவன் முகத்தில் கோபமே இல்லை.

"வேணாம் மாமா. அவன் அங்கியே இருக்கட்டும்."

"ஏன்டா?"

"அங்க அவனுக்குப் பந்து தராங்க."

இவர் கையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. "சரி, அத வுடு. நீ கைய தூக்கறியா? எவ்ளோ வருது இப்ப?" என்று கேட்டார். பேச்சு கெஞ்சலாக வந்தது.

"எவ்ளோ வரும்னு நீயே சொல்லேன். வெள்ளைக்காரனே உன்னாண்டதான கேக்கறான்."

"எனுக்குத் தெரியாதுடா."

"மெய்யாலுமே தெரியாதா?"

"ஆண்டவர் மேல சத்தியமா தெரியாது."

"அத அன்னிக்கே சொல்லி இருக்கலாம் இல்ல?" என்றான் ஜான்.

இவருக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக்கூட இல்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது. ஜான் மெதுவாக எழுந்து, இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு சுவர்கிட்டே போய் நின்றான். விரல்களைச் சுவரில் வைத்தான். அப்புறம் திரும்பி மாமனைப் பார்த்தான்.

"நீ வெளிய போ மாமா."

"நான் சும்மா ஓரமா…"

"நீ பாத்துக்கினு இருந்தா எனுக்கு வராது. போ."

அவர் போனார். நானும் திரும்பினேன். "நீ இரு அத்தை" என்றான். இருந்தேன். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. வேலிப்பக்கம் தெருவைப் பார்த்து, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது பாதி வழியில் அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"எவ்ளோ தூக்கனான் ஷீபா?"

"சொல்ல மாட்டேன்" என்றேன். இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.